ஒன்பது முடிச்சு

இல்லை, கால் சுளுக்கவில்லை.

நீ கேட்டது அதுவல்ல என்று தெரியும். நீ கேட்டது என் பழைய நோட்டை. நீயும் உன் இரண்டு நண்பர்களும் வேலையை விட்டுவிட்டு, சென்னையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக் கிராமங்களில் நடக்கப் போகிறீர்கள். அதற்கு ஒற்றையடிப் பாதைகள் தெரிய வேண்டும், ஊற்று இருக்கும் இடங்கள் வேண்டும், தங்க வீடுகள் வேண்டும். எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. அனுப்பும்மா என்றாய். கூடவே நீங்கள் போடப்போகும் அறிமுகப் பக்கத்தையும் படித்துப் பார்க்க அனுப்பினாய். ‘பத்து வயதில், கால் சுளுக்கிய என் அம்மாவை மலையிலிருந்து தனியாக இறக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மலை என்னைப் பிடித்துக்கொண்டது.’ மூன்று முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அதில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. அது உன்னுடையது அல்ல.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் ஏதாவது பேசுவாய். அந்த இடைவெளியில் நான் தப்பித்துவிடுவேன். பதினான்கு வருடமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஏன் மலையில் நடக்க ஆரம்பித்தேன் என்று நீ கேட்டதில்லை. வளவனூரில் கரும்பு போட்ட வீட்டில் பிறந்தவள். கண்ணுக்கு எட்டியவரை தட்டையான ஊர். கரும்பு வளர்ந்துவிட்டால் அடுத்த தெருகூடத் தெரியாது. கல்லூரியில் தாவரவியல் படித்தபோது ஒருமுறை கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார்கள். மேலே நின்று கீழே பார்த்தேன். முதன்முதலாக எதையோ முழுதாகப் பார்த்தது போல இருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம், நீ, விழுப்புரத்தில் பள்ளிக்கூட வேலை. ஆனாலும் ஒவ்வொரு தையிலும், பொங்கல் முடிந்த பிறகு, மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கச்சிராயபாளையம் வரை பஸ். அப்புறம் நடை. உன்னை உன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போவேன். உன் அப்பா வாசலில் நின்று ஒவ்வொரு வருடமும் ஒன்றையே சொல்வார். “மலையா வந்து உன்ன வெத்தல பாக்கு வெச்சு அழைச்சுது?” நான் சிரித்துக்கொண்டே ஷூவைக் கட்டுவேன். அழைக்காமல்தான் போனேன். அழைக்காதவர்கள் வீட்டில் ஏழு வருடம் சாப்பிட்டேன்.

அந்த ஊரில் இருபது வீடுகள் இருந்திருக்கும். நான் தங்குவது கடைசி வீட்டில். புருஷன், மனைவி, இரண்டு பெண்கள். மூத்தவளை அடுத்த மலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இளையவள் அலமேலு. தாய்மாமன் மகனைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். அப்போது அவள் அப்பா சொன்னது அந்த ஊருக்கே தெரியும். நான் கூப்பிடுகிறவரை வீட்டு வாசலில் கால் வைக்காதே. அவள் வைக்கவில்லை. அவள் அம்மா மட்டும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்போது அங்கே போன் எடுக்காது.

இது கடைசிக்கு முந்தின முறை நான் போனபோது நடந்தது. சாயங்காலம் கேப்பைக் களியும் கீரையும். அந்த அம்மாள் எனக்குப் போட்டுக்கொண்டே, புருஷன் காதில் விழும்படி என்னிடம் பேசினாள். புருஷனிடம் சொல்ல வேண்டியதை விருந்தாளியிடம் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

“பாருங்க டீச்சரு, நீங்க ஒத்தையா மலையேறிக்கினு வர்றீங்க. ஒலகம் இடிஞ்சா பூடுச்சு? எம்பொண்ணு படிக்கப் போனது மட்டும் குத்தமாம்.”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“டீச்சரு திரும்பி வூட்டுக்குப் போறாங்க இல்ல,” என்றார்.

“அவளையும் வான்னு ஒரு வார்த்த சொன்னா வர மாட்டாளா?”

“களி ஆறுது. டீச்சருக்கு இன்னொரு உருண்ட வை.”

அவ்வளவுதான். நான் அன்று நோட்டில் களியின் பக்குவத்தை எழுதிவைத்தேன். ஒரு பக்கம் முழுக்க.

மறுநாள் காலை நான் இறங்கும்போது அவர் கூடவே வந்தார். வழக்கமாக வர மாட்டார். ஊர் மறைகிற வளைவில் ஒரு பலா மரம் உண்டு. அங்கே நின்று, மடியிலிருந்து ஒரு சின்ன மூட்டையை எடுத்தார். பழைய வேட்டித் துணி. புகை வாடை. உள்ளே தானியம். வாயைச் சுற்றி முடிச்சுக்கு மேல் முடிச்சாக, விரல் நீளத்துக்குக் கட்டியிருந்தார்.

“திண்டிவனம் உங்க ஊருக்குப் பக்கம்தானே. அவகிட்ட குடுத்துடுங்க. நாளான்னிக்குக் குடுத்தாப் போதும். வூட்ல தெரிய வேணாம்.”

“சரிங்க.”

“முடிச்சு அவுக்காம குடுங்க. அவளுக்குத் தெரியும்.”

“சரிங்க.”

இரண்டு முறை சரி என்றேன். என் கண் பலா மரத்துக் கிளையில் இருந்தது. அன்றைய நோட்டில் இருக்கிறது, நீயே பார்க்கப் போகிறாய்: ‘காலை ஏழு மணி. பலா மரம். மரங்கொத்தி, ஆண், தலையில் சிவப்பு.’ அவர் சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் பெயரும் இல்லை. ஏழு வருடமாக அவர் என் நோட்டில் ‘கடைசி வீட்டுக்காரர்’.

இனி வருவது உனக்கும் நினைவிருக்கலாம். உனக்கு ஒன்பது வயது. சமையலறை மேடையில் அந்த மூட்டையை வைத்தேன். எறும்பு வந்துவிட்டது. துணியில் கறை. ஹாஸ்டலில் மற்ற பெண்கள் முன்னால் இப்படியொரு அழுக்கு மூட்டையை அந்தப் பெண்ணிடம் நீட்டினால் கேலி செய்வார்களே என்று நினைத்தேன். நான் அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று மனதார நம்பினேன். இதை நீ கவனமாகப் படி. நான் அலட்சியத்தால் செய்ததாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நான் அக்கறையால் செய்தேன். அந்த அக்கறை அவர்கள் பொருளை அவர்கள் கொடுத்தபடி வைத்திருக்கவிடவில்லை. முடிச்சுகள் கல்லாக இருந்தன. கொண்டை ஊசியை விட்டு, பல்லால் கடித்து, ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நீ பக்கத்தில் நின்று எண்ணினாய்.

“ஒம்போது. எதுக்கும்மா இத்தன முடிச்சு?”

“அவங்களுக்குச் சரியாக் கட்டத் தெரியல.”

அந்த வீட்டில் அன்று சரியான கேள்வியைக் கேட்டது நீ. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியருக்கு அந்த வார்த்தை லேசில் வராது.

உள்ளே சாமை. இரண்டு கைப்பிடி இருக்கும். முறத்தில் புடைத்தேன். கல் பொறுக்கினேன். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து அதில் போட்டேன். அது சின்னதாகத் தெரிந்ததால் மேலே நம் வீட்டு முறுக்கு நாலு வைத்தேன். மறுநாள் திண்டிவனம் ஹாஸ்டல் வாசலில் அலமேலு ஓடி வந்தாள். டப்பாவைத் திறந்து சாமையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“அம்மா குடுத்தாங்களா மேடம்?”

ஆமாம் என்றேன். அப்பா என்று சொன்னால் அதற்கு மேல் ஏதாவது கேட்பாள். விழுப்புரம் பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது.

துணியைத் துவைத்தேன். நல்ல பழைய வேட்டித் துணி, மெத்தென்று இருந்தது. இட்லித் தட்டில் போடச் சரியாக இருந்தது. ஒரு வருடம் அதில்தான் இட்லி ஊற்றினேன். நீ சாப்பிட்டிருக்கிறாய்.

அடுத்த தையில் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உனக்குப் பத்து வயது. கடைசி வீட்டு வாசலில் அந்த அம்மாள் மட்டும் இருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. சித்திரையில் மார்வலி என்று படுத்தவர் விடிவதற்குள் போய்விட்டார் என்றாள். உன்னை மல்லாட்டைக் கடலை வறுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளோடு சேர்த்துவிட்டு நான் உள்ளே போனேன். அவள் முன்னால் ஒரு வேட்டித் துணி விரித்திருந்தது. நடுவில் இரண்டு கைப்பிடி சாமை. அவள் அதன் வாயைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

“இது எதுக்குங்க?” என்றேன்.

“ஊருப் பொங்கலுக்கு நாள் வெச்சிருக்காங்க டீச்சரு. இன்னிக்கிருந்து ஏழாம் நாள். பெரியவளுக்கு அனுப்பறேன். தெனம் ஒரு முடிச்சு அவுத்துக்கினு வருவா. கடேசி முடிச்சு இங்க வந்துதான் அவுக்கணும், ஊருப் பானைக்கு முன்னால. பொறந்த வூட்டு சாமைய அவ கையால பானைல போட்டாத்தான் அவ இந்த வூட்டுப் பொண்ணு. எப்பவும் அவருதான் கட்டுவாரு. அவரு போட்ட முடிச்ச அவுக்க நகம் ஒடைஞ்சிரும்.”

எனக்கு உடைந்திருந்தது. வலது கட்டைவிரல்.

“சின்னவளுக்கு?”

“அவரு இருக்கிற வரைக்கும் அனுப்பல. அவள வராதன்னது அவரு, நான் கட்டினாலும் செல்லாது, அவருதான் கூப்புடணும். புடிவாதக்காரரு, டீச்சரு. ஆனா போன வருசம் ஒண்ணு பண்ணாரு. பொங்கல் எறக்கியாச்சு. எல்லாப் பொண்ணுங்களும் போட்டாச்சு. பானைய மூடப் போறாங்க. இரு, இருன்னு கைய வெச்சுக்கினு ஒக்காந்துட்டாரு. பொழுது சாயற வரைக்கும் பாதையவே பாத்துக்கினு இருந்தாரு. ஊரே வைதுச்சு. யாரு வரணும்னு கேட்டா வாயத் தொறக்கல. அப்புறம் அவரே மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.”

அவள் அடுத்த முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

“அலமேலு, அவர எடுத்தப்புறம்தான் வந்து சேந்தா. மொகம் பாக்கல. ஒண்ணு சொன்னா. நான் சாமை குடுத்தனுப்புனதா நீங்க சொன்னீங்களாம். நான் எங்க அனுப்பினேன்? நீங்களா கடைல வாங்கிக்கினு போயி, அம்மா குடுத்தாங்கன்னு அது மனசு குளிர ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்க. அதக் கஞ்சி காச்சிக் குடிச்சாளாம். நீங்க நல்லா இருக்கணும், டீச்சரு.”

கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை.

அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். அது உங்கள் புருஷன் கொடுத்தது. ஐந்து விநாடி ஆகியிருக்கும். நான் எழுந்து வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, உன்னைக் கூப்பிட்டு, கால் சுளுக்கிவிட்டது, ஊருக்குப் போகலாம் என்றேன். கும்பிட்ட கைக்குப் பின்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

நீ உன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து என் கணுக்காலில் கட்டினாய். என் பையைத் தோளில் போட்டுக்கொண்டாய். “இங்க கால வைம்மா. இது ஆடற கல்லு, இதுல வேணாம்.” மூன்று மணி நேரம். ஓர் இடத்தில் நான் மறந்துபோய்க் கால் மாற்றி நொண்டினேன். நீ முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கீழே கச்சிராயபாளையத்தில் டீக்கடைக்காரர், “சிங்கக்குட்டிம்மா” என்றார். உன் முகம் அன்று இருந்தது போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அதனால் உன்னிடமும் சொல்லவில்லை. உன் வாழ்க்கையில் நீ நின்றுகொண்டிருக்கும் கல் அது. ஆடற கல் என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். ஆனால் நீ இறக்கியது நிஜம். பாதையைக் கண்டுபிடித்தது நிஜம். நான் நொண்டியது மட்டும்தான் பொய். இதை நீ எப்படிப் பிரித்து வைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை இட்லிப் பானையிலிருந்து எடுத்து, துவைத்து, பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மலைக்கு அப்புறம் போகவில்லை. கால் பழையபடி இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் அப்பா இரண்டு எண்ணெய் வாங்கி வந்தார்.

சென்ற மாதம் உன் பெரியம்மாவைத் திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அங்கே ஊசி போட வந்த நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். சட்டையில் பேட்ஜ். கோ. அலமேலு.

“மேடம், நீங்க எங்க மலைக்கு வர்றவங்கதானே?”

டீ வாங்கிக் கொடுத்தாள். வராண்டா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா இன்னும் மலையில்தான், கூட வந்து இருக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். இரண்டு பிள்ளைகள். புருஷன் விக்கிரவாண்டியில் மெக்கானிக்.

“அந்தச் சாமைய நான் மறக்கல மேடம். எங்க வூட்ல யாரும் நெனைக்காதப்ப நீங்களா வாங்கிக்கினு வந்தீங்க. ரூம்ல எல்லாருமா கஞ்சி வெச்சுக் குடிச்சோம்.” சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். “எங்கப்பா கடேசி வரைக்கும் கூப்புடல. அது ஒண்ணுதான். எம்பசங்கள நான் எதுக்காவது கோச்சிக்கினா, அன்னிக்கே கூப்ட்டுச் சோறு போட்டுடுவேன். பயம் மேடம்.”

டீயைக் குடித்து முடித்தேன். நல்லாரும்மா என்றேன். மறுபடியும் தப்பித்துவிட்டேன்.

அவர் அழைத்தார் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் போய்விட்டார். இன்னொருத்தி நான். எனக்கு ஐம்பத்து இரண்டு வயது, ரத்த அழுத்தம் இருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் போனால் அந்த அழைப்பு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவர் பானையின்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இல்லாமல் போகும். அவருடைய மகள் தன் பிள்ளைகளுக்குப் பயந்து பயந்து சோறு போட்டுக்கொண்டே இருப்பாள்.

நீ ஆட்களைக் கூட்டிப்போகப் போகிறாய். அவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள். என்னைப்போல. களியைப் புகழ்வார்கள், படம் எடுப்பார்கள், போகும்போது ஏதாவது செய்ய ஆசைப்படுவார்கள். அவர்களிடம் என்ன சொல்வாய் என்று யோசித்தாயா? எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அங்கே யாராவது உன் கையில் ஒன்றைக் கொடுத்தால், கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர். அழுக்காக இருந்தாலும் சரி. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், பஸ் போனாலும் நின்று பதில் சொல். ஒருவர் உன்னோடு ஊர் எல்லை வரை நடந்து வந்தால் மரத்தைப் பார்க்காதே, அவரைப் பார். பெயரைக் கேள். நான் ஏழு வருடம் கேட்காத பெயர் அது. இன்றுவரை அதில் ஒரு எழுத்துதான் எனக்குத் தெரியும். அதையும் பேட்ஜில்தான் படித்தேன்.

அந்த அறிமுகப் பக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அது உன் இஷ்டம். இப்போது காலை எட்டு மணி. கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன். அவளைப் பார்த்துவிட்டு வந்துதான் உறையை ஒட்டுவேன். பார்க்காமல் ஒட்டினால் இதுவும் இன்னொரு நோட்டாகிவிடும்.

ராத்திரி. சாப்பிட்டாயிற்று.

துணியைப் பையில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். அவள் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. அதே பெஞ்சில் உட்கார்ந்து, பலா மரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள்.

“எத்தன முடிச்சு?”

“ஒன்பது.”

விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது நாள் எங்கே போய் முடிகிறது என்று பார்த்திருப்பாள். பிறகு துணியை வாங்கி விரித்தாள். முடிச்சு இருந்த சுருக்கம்கூட இல்லை. இட்லிக் குழிகளின் வட்டம்தான் லேசாகத் தெரிந்தது. அதை முகத்தருகே கொண்டுபோனாள். புகை வாடை இருந்திருக்காது. என் சமையலறைதான் இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் துணியை மடியில் வைத்து நீவினாள்.

“நாளைக்கு லீவு சொல்லிட்டு மலைக்குப் போறேன். அம்மாகிட்ட சொல்லணும்.”

“நானும் வரட்டுமா?”

“வேணாம் மேடம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போடும்போது கையை ஆட்டாதீர்கள் என்று சொல்வார்களே, அப்படி. துணியை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அவள் எழுந்தபோது அவள் அப்பாவின் பெயரைக் கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

நான் ஆறு மணி பஸ்ஸில் விழுப்புரம் வந்தேன். உன் அப்பாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். நோட்டை எடுத்து, ஏழு வருடப் பக்கங்களிலும் ‘கடைசி வீட்டுக்காரர்’ என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்து, மேலே கோவிந்தன் என்று எழுதினேன். நோட்டையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.